துஷாந்தினியின் பச்சைப் பட்டன்

காலை எட்டேகாலுக்கு மண்டபக் கதவைத் திறந்தபோது வெளியே பிள்ளைகளும் பெற்றோருமாக எழுபது பேர் நின்றார்கள். எட்டரைக்கு நூற்றிருபது. ஒன்பது மணிக்கு எண்ணுவதை விட்டுவிட்டார்கள். மடுல்சீமையில் இவ்வளவு கூட்டம் திருவிழாவுக்குக் கூடும், தேர்தலுக்குக் கூடும். ஒரு விண்ணப்பப் படிவத்துக்குக் கூடியது அன்றுதான்.

அந்தப் படிவத்தைச் செய்தவள் துஷாந்தினி. இருபத்துநான்கு வயது. இதே தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் பிறந்தவள். மண்டபத்தின் மூலையில் மூன்று லேப்டொப்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பசுந்தளிர் என்ற தொழிற்பயிற்சி நிலையம் ஊவா மாகாணத்தின் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ஒரு வருட இலவசப் பயிற்சி கொடுக்கிறது. மின்சார வேலை, ஃபோன் திருத்தும் வேலை, தாதியர் உதவி. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். ஏழு இடங்களில் முகாம். மடுல்சீமை முகாம் மண்சரிவால் இரண்டு தடவை தள்ளிப்போய், கடைசி நாளில் வந்து விழுந்தது. பகல் பன்னிரண்டுக்குப் பதிவு மூடிவிடும். அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடக் கிடையாது.

துஷாந்தினிக்கும் அன்று கடைசி நாள். பதுளை பஸ் நிலையத்துக்கு அருகே அவள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் றுஷ்தி நடத்தும் கொம்பியூட்டர் கடையில் அவளுக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. அது அன்றோடு முடிகிறது. வேனில் வரும்போதே றுஷ்தி சொல்லிவிட்டான். "துஷா, ஒளிக்காம செல்றேன். இந்த அப்ளிகேஷன் ஃபோம் இன்டைக்கு நல்லா ஓடினா மத்த வேலையெல்லாம் நமக்குத்தான், நீங்களும் நம்மட ஆள். ஓடல்லண்டா எனக்கு ஒங்கள வச்சிக்க வழியில்ல."

வழியில்லை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். கொழும்பில் அந்த சுப்பர் மார்க்கெட். இரண்டு வருடம் அங்கே பில் போட்டவள். நாள் முழுக்க நின்ற நிலையில் வேலை. கணுக்கால் வீங்கும். ஆனால் அங்கேதான் அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். பில் போடும் திரையில் ஒரு கட்டம் எப்போதும் மங்கலாகக் கிடக்கும். எவ்வளவு தட்டினாலும் எழுத விடாது. வாடிக்கையாளர் தன் அங்கத்துவ இலக்கத்தைச் சொல்லி அதை அடித்த மறுகணம், அந்தக் கட்டம் வெளுத்துத் திறந்துகொள்ளும். மற்றப் பிள்ளைகளுக்கு அது விலைக்கழிவு போடும் கட்டம். துஷாந்தினிக்கு அது தீராத கேள்வி. யார் அதைத் திறக்கிறது? இலக்கம் வந்தது அதற்கு எப்படித் தெரியும்? மேற்பார்வையாளரிடம் கேட்டாள். "வேலையப் பாரு" என்றார். தங்கியிருந்த அறையில் ஃபோனில் தேடினாள். ஒரு கேள்விக்கு வரும் பதிலைப் பார்த்து இன்னொரு கேள்வியைக் காட்டு, இல்லாவிட்டால் மறை. இவ்வளவுதானா! அன்றைக்கு அவளுக்கு வந்த சிரிப்பை அறையில் இருந்த மற்ற நால்வரும் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

அடுத்த மாதமே ஊருக்கு வந்தாள். பதுளையில் ஆறு மாத வகுப்பு. பிறகு றுஷ்தியின் கடை. பசுந்தளிர் படிவம்தான் அவள் முதலிலிருந்து கடைசிவரை தனியாகச் செய்த முதல் வேலை.

அழகாகவே செய்திருந்தாள். திறந்தால் நான்கே நான்கு கேள்விகள். நான்காவது: "நீங்களோ பெற்றோரோ தோட்டத்தில் வேலை செய்கிறீர்களா?" ஆம் என்றால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இலக்கம், அதில் காம்பரா எனும் ஒற்றை அறையின் இலக்கம், அதோடு தோட்ட அலுவலகக் கடிதத்தின் படம் எனக் கட்டங்கள் வரிசையாக இறங்கிவரும். இல்லை என்றால் அவை மறைந்து, வீட்டு இலக்கம், வீதி, நகரம் வரும். திறந்திருக்கும் கட்டங்கள் எல்லாம் நிரம்பும்வரை அடியில் இருக்கும் 'அனுப்பு' பட்டன் சாம்பல் நிறம். நிரம்பியதும் பச்சை.

அந்தப் பச்சையைத்தான் கூட்டம் ரசித்தது. முதல் பெடியன் அனுப்பியபோது கைதட்டல். இரண்டாவதுக்கு விசில். றுஷ்தி ஜன்னல் கம்பியில் ரவுட்டரைக் கட்டிவிட்டு, அது விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். கடையில் வேலை செய்யும் ரிஸ்கா இரண்டாவது லேப்டொப்பில். பத்து மணிக்கு இருபத்தேழு விண்ணப்பங்கள் போய்விட்டன. துஷாந்தினி முதல் தடவையாக ஒரு வாய் தேநீர் குடித்தாள்.

பத்து பத்துக்கு மாரியாயி வந்து உட்கார்ந்தாள்.

ஐம்பது வயது, கணீரென்ற குரல். பக்கத்தில் மகள் நிரஞ்சலா, பத்தொன்பது. ஃபோன் திருத்தும் பயிற்சிக்கு வந்தவள். ஒரு பழைய ஃபோனைத் தானே கழற்றிப் பூட்டி, அதையே கையில் வைத்திருந்தாள்.

"நீங்களோ அப்பாவோ தோட்டத்துல வேலையா, அக்கா?" துஷாந்தினி கேட்டாள்.

"இல்ல பாப்பா. நான் தோட்டத்துல பேர வெட்டி, வேலைய விட்டு நாலு வருசமாச்சு. மொனராகலப் பக்கம் கரும்பு வெட்டப் போறேன். இவ அப்பா கொழும்புல, கடையில."

நிரஞ்சலா 'இல்லை'யைத் தொட்டாள். லயக் கட்டங்கள் மறைந்தன. வீதி வந்தது.

"என்னா வீதி?" என்றாள் நிரஞ்சலா.

"வீதியா?" மாரியாயி திரையை எட்டிப் பார்த்தாள். "எங்க லயத்துக்கு முன்னால தண்ணி ஓடுற கான்தான் இருக்கு. அத எழுதலாமாங்க? கான் வீதின்னு?"

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். துஷாந்தினியும் சிரிக்கப் போனவள், நிறுத்திக்கொண்டாள். பட்டன் சாம்பலாக இருந்தது.

"அப்ப நீங்க இன்னும் லயத்துலதான் இருக்கீங்களா?"

"பின்ன எங்க போறது? கவுண்மெந்து மாளிகையா கட்டிக் குடுத்துருக்கு?"

"ஆமான்னே போட்டுருங்க அக்கா, லயம் வந்துரும்," என்று வரிசையிலிருந்து ஒருவன் யோசனை சொன்னான்.

"போடக் கூடாது!" பசுந்தளிர் அதிகாரி கிருஷ்ணராஜ் மேசையடிக்கு வந்துவிட்டார். நாற்பது வயது, முகாமுக்கு முகாம் அலைந்து குரல் கட்டிப்போனவர். "ஆமான்னா தோட்டத்துக் கடிதம் வேணும். கடிதம் இல்லாம ஆமான்னு போட்டா பொய்த் தகவல்னு தள்ளிருவாங்க. வீதியில கண்டதையும் எழுதினா நேர்முகக் கடிதம் போய்ச் சேராது." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "யாரெல்லாம் லயத்துல இருக்கீங்க, ஆனா வீட்டுல ஒருத்தருக்கும் தோட்டத்துல பேர் இல்ல? கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. ஒன்று, ஐந்து, பதினைந்து. வாசல் தாண்டி வெளியே நின்றவர்களும் தூக்கினார்கள். பாதிக்கு மேல்.

துஷாந்தினி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தேகம் தீர வேண்டும் என்று மூன்றாவது லேப்டொப்பில் புதிதாக ஒரு படிவத்தைத் திறந்து, தன் பெயரையே அடித்தாள். அம்மா வேலாயி கொழுந்து பறித்து ஓய்வு பெற்று இரண்டு வருடம். அண்ணன் வத்தளையில். அப்பா இல்லை. தோட்டத்தில் வேலையா? இல்லை.

வீதி, என்று கேட்டது அவள் செய்த படிவம்.

லயம் ஏழு, காம்பரா நாலு. அதில் பிறந்தவள், இன்றைக்கும் சனிக்கிழமைகளில் அங்கே போய்ப் படுக்கிறவள், தன் படிவத்தில் தன்னையே எழுத முடியாமல் நின்றாள். இந்தப் பிழை வெளியூர்க்காரன் செய்திருந்தால் விளங்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதை ஒரு லயத்துப் பிள்ளையால்தான் செய்ய முடியும். சின்ன வயதில் அவள் கேட்டு வளர்ந்த பேச்சு முழுக்க அதுதானே. தோட்டப் பதிவில் பேர் இருந்தால் காம்பரா. பேரை வெட்டினால் காம்பராவைக் கேட்பார்கள். ஆகவே வேலையும் வீடும் ஒரே கேள்வி என்று அவள் கை தானாகவே எழுதிவிட்டது. இதற்கிடையில் அம்மாவே ஓய்வு பெற்றுவிட்டாள் என்பது அந்தக் கைக்கு எட்டவில்லை.

"றுஷ்தி நானா," என்றாள். "ஃபோம் பிழை."

"என்ன செல்றீங்க? இப்பதானே இருபத்தேழு போன?"

"நானே இதுல அனுப்ப ஏலாது நானா. எனக்கே பட்டன் பச்சையாகாது."

றுஷ்தி ரவுட்டரை விட்டுவிட்டு வரப் பார்த்தான். சிக்னல் போய், "ஏய் ஏய்!" என்று நான்கு பேர் கத்த, மறுபடி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான். ஜன்னலடியிலிருந்தே கேட்டான். "எவ்வளவு நேரம்?"

கிருஷ்ணராஜ் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பத்து இருபத்தெட்டு. "தங்கச்சி, பேப்பர்ல எழுதி வாங்கலாம். ஆனா அதைப் பதுளைக்குக் கொண்டுபோறதுக்குள்ள பன்னிரண்டு தாண்டிரும். இந்த அரைவாசி சனம் போச்சு. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. முடியுமா, முடியாதா?"

"முடியும் சேர்."

சொல்லிவிட்டாள். பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஒரு கேள்வி இரண்டு கதவுகளைத் திறந்துகொண்டிருந்தது, அதுதான் கோளாறு. இரண்டாக உடைக்க வேண்டும். முதலில், எங்கே இருக்கிறீர்கள்? லயம், தோட்டத்தில் தனி வீடு, கிராமம், டவுன். முகவரிக் கட்டங்கள் இந்தக் கேள்வியோடு மட்டும் ஓடிவரட்டும். வேலைக் கேள்வி தனியாக நிற்கட்டும். அது கடிதப் படத்துக்கான கட்டத்தை மட்டும் திறக்கட்டும். விரல்கள் ஓடின. அவள் தோளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து முகங்கள்.

"என்னா எழுதுது இந்தப் புள்ள? இங்கிலீசா?"

"இங்கிலீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. வளைஞ்சு வளைஞ்சு அடைப்புக்குறியா போகுது."

"வேலாயி மகதானே? படிக்கிற காலத்துல தண்ணித் தாங்கி மேல ஏறி ஃபோனப் புடிச்சிக்கிட்டே இருக்கும். லைன் கிடைக்கலேன்னு அழும்."

"மூச்சு விடாதீங்க மேல," என்றாள் துஷாந்தினி திரும்பாமலே. சிரிப்பு. ஆனால் ஒருவரும் நகரவில்லை.

பதினொன்று ஐந்துக்கு ஏற்றினாள். றுஷ்தி ரவுட்டரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். நிரஞ்சலாவின் திரை புதிதாக வந்தது. எங்கே இருக்கிறீர்கள்? லயம். தோட்டம், டிவிஷன், லய இலக்கம், காம்பரா எல்லாம் இறங்கின. வீதி இல்லை. வேலையா? இல்லை. கடிதக் கட்டமும் இல்லை. "ஆ!" என்றது கூட்டம். நிரஞ்சலா ஒவ்வொன்றாக நிரப்பினாள். கடைசிக் கட்டம்.

சாம்பல்.

மறுபடி தொட்டாள். சாம்பல். எங்கேயும் சிவப்புக் கோடு இல்லை, விடுபட்டது எதுவும் இல்லை, பட்டன் மட்டும் அசையவில்லை. மண்டபம் பெருமூச்சு விட்டது. வாசலோரம் இரண்டு பேர் பையைத் தோளில் மாட்டினார்கள். கிருஷ்ணராஜ் வெற்றுத்தாள் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சுப்பர் மார்க்கெட்டின் குளிரூட்டி வாடை துஷாந்தினியின் மூக்கில் வந்து போனது.

"எல்லாம் எழுதியாச்சே!" மாரியாயி திரையை விரலால் தட்டினாள். "அப்புறமும் ஏன் விடமாட்டேங்குது? கண்ணுக்குத் தெரியாம எவனோ உள்ளுக்கு நின்னு மறிக்கிறானா?"

துஷாந்தினி நிமிர்ந்தாள்.

"என்னாக்கா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல பாப்பா, கோவத்துல..."

கண்ணுக்குத் தெரியாமல். ஆமாம்! வீதிக் கட்டத்தை அவள் மறைத்துத்தான் வைத்திருந்தாள், எடுத்துவிடவில்லை. 'கட்டாயம் நிரப்ப வேண்டும்' என்ற கட்டளை அதன் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் மறைக்கும்போது கட்டளையையும் சேர்த்தே கழற்றும்படி எழுதியிருந்தாள். இன்றைய அவசரத்தில் புதிய கேள்விக்கு அதை எழுத மறந்துபோனாள். ஆகவே ஒருவருக்கும் தெரியாத கட்டம் ஒன்று உள்ளே வெறுமையாக நின்று, என்னை நிரப்பு, என்னை நிரப்பு என்று பட்டனைப் பிடித்து வைத்திருந்தது. திரையில் இல்லாததால் சிவப்புக் கோடும் போட இடமில்லை.

"ரிஸ்கா! மத்த ரெண்டு லேப்டொப்பையும் புதுசாத் திறந்து வைங்க!" என்று கத்திக்கொண்டே குனிந்தாள். இரண்டு வரிகள். காட்டும்போது கட்டாயம், மறைக்கும்போது கட்டாயமும் இல்லை, உள்ளே ஏதும் எழுதியிருந்தால் அதுவும் அழிந்துவிடும். ஒரு தடவை வாசித்தாள். இரண்டாம் தடவை வாசித்தாள். நேரமில்லை என்று தெரிந்தும் மூன்றாம் தடவை வாசித்தாள்.

இந்தத் தடவை நிரஞ்சலாவிடம் கொடுக்கவில்லை. முதலில் தன் பெயரை அடித்தாள். லயம் ஏழு. காம்பரா நாலு. வேலையா? இல்லை.

பச்சை!

அதை அனுப்பாமல் அழித்தாள். "நிரஞ்சலா, வாங்க, வாங்க!" நிரஞ்சலா அடித்தாள். பச்சை. தொட்டாள். 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.' பதினொன்று இருபத்துநான்கு.

மாரியாயி விட்ட குலவையில் மண்டபத் தகரமே அதிர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அங்கே நடந்ததை வரிசை என்று சொல்ல முடியாது. மூன்று லேப்டொப்களையும் மூன்று கூட்டங்கள் சூழ்ந்தன. ஃபோன் வைத்திருந்தவர்கள் றுஷ்தியைச் சுற்றி, அவன் தூக்கிப் பிடித்த ரவுட்டரின் கீழே நெருக்கிக்கொண்டு ஃபோனிலேயே நிரப்பினார்கள். றுஷ்தியின் கை மரத்துவிட, ஓர் உயரமான பெடியன் அதை வாங்கிக்கொண்டான். நிரஞ்சலா போகவில்லை. அனுப்பத் தெரியாதவர்களின் ஃபோன்களை வாங்கி, "இங்க தொடுங்க மாமா, அது இல்ல, இது," என்று நின்ற இடத்திலேயே வேலை பழகத் தொடங்கிவிட்டாள். வெளியே, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவர்களைப் பெயர் சொல்லி அழைக்க மாரியாயியின் குரலே போதுமாக இருந்தது, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

பதினொன்று நாற்பது. ஐம்பத்தெட்டு விண்ணப்பங்கள். பதினொன்று ஐம்பது. எழுபத்தொன்று. யாருடைய அடையாள அட்டையோ காணாமல் போய், இன்னொருவரின் சட்டைப் பையில் கிடைத்தது. பதினொன்று ஐம்பத்தேழுக்கு, சேறு படிந்த சப்பாத்தோடு மலையிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். இடம் விட்டார்கள், மூன்று பேர் ஒரே நேரத்தில் அவளுக்குக் கேள்விகளை வாசித்தார்கள். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குப் பச்சை. எண்பத்துநாலு.

பன்னிரண்டு. படிவம் தானாக மூடிக்கொண்டது. வந்தவர்களில் விடுபட்டவர் ஒருவரும் இல்லை.

கிருஷ்ணராஜ் அந்த வெற்றுத்தாள் கட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "தங்கச்சி," என்றார், இருந்த கொஞ்சக் குரலில், "மத்த ஆறு முகாமிலயும் வீதிக் கட்டத்தப் பாத்துட்டு வாய் திறக்காமலே எத்தன பேர் திரும்பிப் போனாங்களோ?"

துஷாந்தினியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். "பாதி நிரப்பினதெல்லாம் உள்ள சேர்ந்திருக்கு சேர். பேரும் ஃபோன் நம்பரும் எடுக்கலாம். பின்னேரமே எடுத்துத் தாறேன். பிழை ஃபோம்ல, அவங்கள்ல இல்லன்னு நான் எழுதியும் தாறேன்."

"எழுதுங்க. நான் தலைமை அலுவலகத்துல பேசுறேன்."

திரும்பும் வழியில், பசறைப் பக்கம் வளைவுகளில் வேன் ஆடி ஆடி இறங்கியது. ரிஸ்கா பின் இருக்கையில் தூங்கிவிட்டாள். றுஷ்தி பாதையிலேயே கண்ணாக வேனை ஓட்டினான். துஷாந்தினி பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"நானா, அப்ப நான் நாளைக்கு வரவா, வேணாமா?"

றுஷ்தி ஒரு கையால் முன் பெட்டியைத் திறந்து ஒரு உறையை எடுத்து அவள் மடியில் போட்டான். கடையின் முத்திரை. நியமனக் கடிதம். திகதி நேற்றையது.

"நேத்தே அடிச்சாச்சா! அப்ப காலைல ஏன் அப்பிடிப் பயங்காட்டினீங்க?"

"பயங்காட்டல்ல. இன்டைக்கு ஓடியிருக்காட்டி அது உள்ளுக்கே கெடந்திருக்கும்." அவன் வளைவில் ஹோர்ன் அடித்தான். "ஒண்டு மட்டும் நெரப்பல்ல. ஒங்கட அட்ரஸ். வீதிப் பேர் தெரியா, என்னத்த போடுறண்டு விட்டுட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்ததில் ரிஸ்கா விழித்துக்கொண்டாள். கடிதத்தில் 'வீட்டு இலக்கம், வீதி' என்று அச்சாகியிருந்த சொற்களைப் பேனாவால் வெட்டினாள். மேலே எழுதினாள்: லயம் 7, காம்பரா 4, கீழ் டிவிஷன், மடுல்சீமை. வேன் குலுங்கி அந்த 4 கோணலாகப் போனது.

பேனாவை மூடும் முன் ஃபோன் அடித்தது. கிருஷ்ணராஜ். தலைமை அலுவலகம் மூன்று நாள் கூடுதலாகக் கொடுத்துவிட்டது. திரும்பிப் போனவர்களுக்கு மட்டும் படிவம் மறுபடி திறக்க வேண்டும். மொனராகலை முகாமில் அப்படித் திரும்பிப் போன ஒருவரைக் கிருஷ்ணராஜ் விசாரித்து, ஏற்கெனவே மற்ற ஃபோனில் பிடித்து வைத்திருக்கிறார். கரும்புத் தோட்டத்துக் கொட்டிலில் இருக்கிறாராம். லயமும் இல்லை, கிராமமும் இல்லை. எதைத் தொடச் சொல்வது?

"அவர வச்சிக்கிட்டே இருங்க சேர், போக விடாதீங்க," என்றாள் துஷாந்தினி. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அடுத்த வளைவு வருவதற்குள் லேப்டொப்பை மடியில் திறந்துவிட்டாள்.